நாய்க்கு நகம் வெட்டுவது எப்படி?

"டக்... டக்... டக்..."

வீட்டு நாய் சிமெண்டுத் தரையில் நடக்கும்போது இப்படிச் சத்தம் கேட்கிறதா?

கேட்டால், அதற்கு நகம் வளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

நாய் நேராக நிற்கும்போது நகம் தரையைத் தொடக் கூடாது. தொட்டால், ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் நகம் தரையில் இடிக்கும். விரல் மேலே தள்ளப்படும். வலிக்கும்.

வலியை நாய் வாய்விட்டுச் சொல்லாது. காலை நக்கிக்கொண்டே இருக்கும். கோணலாக நடக்கும். வழவழப்பான தரையில் வழுக்கும். மாடிப்படி ஏறத் தயங்கும்.

"நாய்க்கு வயதாகிவிட்டது" என்று வீட்டில் உள்ளவர்கள் நினைத்துக்கொள்வார்கள். காரணம் நகமாகவும் இருக்கலாம்!

தெரு நாய்க்கு யார் வெட்டுகிறார்கள்?

இப்படிச் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

தெரு நாய் நாள் முழுவதும் அலைகிறது. தார் ரோடும் கல்லும் சரளையும் அதன் நகத்தைத் தேய்த்துவிடுகின்றன. முயல் வேட்டைக்குப் பேர் போனவை சிப்பிப்பாறை நாயும் கன்னி நாயும். காடு மேடெல்லாம் ஓடும் நாய்க்கு நகம் தானாகத் தேயும்.

வீட்டிலே கட்டி வளர்க்கும் நாய்க்கு அந்த ஓட்டம் இல்லை. பூனையைப்போல நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளவும் நாயால் முடியாது. ஆகவே, வெட்டித்தான் ஆகவேண்டும்.

மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை காலைப் பார்த்து, வளர்ந்திருந்தால் வெட்டினால் போதும்.

மறைந்திருக்கும் நகம்

நாயின் முன்னங்கால் ஒவ்வொன்றிலும் பொதுவாக 5 நகம் உண்டு. பின்னங்கால் ஒவ்வொன்றிலும் 4 நகம். ஆக மொத்தம் 18.

முன்னங்காலின் ஐந்தாவது நகம் மற்ற நகங்களோடு சேர்ந்து இருக்காது. காலின் உள்பக்கத்தில், சற்று மேலே இருக்கும். மனிதனுக்குக் கட்டை விரல் இருப்பதுபோல. நாய் நடக்கும்போது இது தரையில் படுவதில்லை. அதனால் சரியாகத் தேயாது.

கவனிக்காமல் விட்டால், இந்த நகம் வளையம்போல வளைந்து சதைக்குள்ளேயே குத்தி இறங்கிவிடும்! புண்ணாகும், சீழ் பிடிக்கும். சில நாய்களுக்குப் பின்னங்காலிலும் இப்படி ஒரு நகம் இருக்கும். ரோமம் அடர்ந்த நாய்க்கு அது கண்ணுக்குத் தெரியாது. கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

நகத்துக்குள் உயிர்ச் சதை

பென்சிலுக்கு வெளியே மரம் இருக்கிறது. உள்ளே கரி ஓடுகிறது. நாயின் நகமும் அப்படித்தான். வெளியே இருப்பது கெட்டியான ஓடு. அதை வெட்டினால் வலிக்காது. உள்ளே ஓடுவது உயிர்ச் சதை. அதில் ரத்தக் குழாயும் நரம்பும் இருக்கின்றன. அதில் கத்திரி பட்டால் ரத்தம் வரும். நாய் துடித்துப்போகும்.

வெள்ளை நகமானால் கவலை இல்லை. உயிர்ச் சதை இளஞ்சிவப்பாக வெளியே தெரியும். அதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளலாம்.

கறுப்பு நகத்தில்தான் ஜாக்கிரதை வேண்டும். உள்ளே இருப்பது தெரியாது. நகம் கொக்கிபோல வளைந்திருக்கும் நுனியை மட்டும் வெட்ட வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர் போதும். வெட்டிய இடத்தை ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். முதலில் வெளுப்பாகவும் வறண்டும் இருக்கும். நடுவில் கறுப்பாக, ஈரமாக ஒரு புள்ளி தெரிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். உயிர்ச் சதை பக்கத்தில் வந்துவிட்டது!

ஒரே நாய்க்குச் சில நகம் வெள்ளையாகவும், சில நகம் கறுப்பாகவும் இருப்பதுண்டு. அப்போது வெள்ளை நகத்தை முதலில் வெட்டலாம். எவ்வளவு வெட்டலாம் என்பது ஓரளவு பிடிபடும்.

வெகு காலம் வெட்டாத நகத்தில் உயிர்ச் சதையும் நீண்டு வளர்ந்திருக்கும். அதை ஒரே நாளில் குட்டையாக்க முயலக் கூடாது. வாரம் ஒரு முறை நுனியை மட்டும் வெட்டி வந்தால், உயிர்ச் சதை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குப் போகும்.

வெட்டும் முறை

நாய்க்கு நகம் வெட்டுவதற்கென்றே கத்திரி விற்கிறது. கூர் மழுங்காததாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்திரி நகத்தை நசுக்கும், பிளந்துவிடும். மனிதருக்கான நகவெட்டியும் பெரிய நாய்க்கு ஒத்துவராது.

முதல் நாளே வெட்டக் கூடாது. சில நாட்களுக்கு நாயின் காலைச் சும்மா பிடித்துத் தடவிப் பழக்க வேண்டும். பிறகு கத்திரியைக் காட்டி முகர விட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு அவித்த முட்டையோ, கோழிக் கறியோ கொடுக்கலாம். சாக்லேட் மட்டும் கூடாது. அது நாய்க்கு விஷம்.

குட்டியாக இருக்கும்போதே பழக்கினால் வேலை சுலபம்.

நாய் ஓடி விளையாடிக் களைத்திருக்கும் நேரம் நல்லது. பகல் வெளிச்சத்தில் உட்கார வேண்டும். அம்மா நாயை அணைத்துப் பிடித்துக்கொள்ள, அப்பா வெட்டலாம். குழந்தைகள் தள்ளி நிற்க வேண்டும். நாயின் முகத்துக்கு நேரே யாரும் முகத்தைக் கொண்டுபோகக் கூடாது.

விரலின் அடியில் உள்ள மெத்தையை மெல்ல அழுத்தினால் நகம் முன்னே வரும். ரோமத்தை ஒதுக்கிவிட்டு நுனியை வெட்ட வேண்டும்.

நாய் வாலை ஒடுக்கினால், காலை உதறினால், அதற்குப் பயம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். உறுமினால் அன்றைக்கு விட்டுவிட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு நகம் வெட்டினாலும் போதும்! பலவந்தமாகப் பிடித்து வெட்டினால் அன்றைக்கு வேலை முடியும். அடுத்த மாதம் கத்திரியைக் கண்டதுமே நாய் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்.

ரத்தம் வந்தால்...

பதற வேண்டாம். நாயை அதட்டவும் வேண்டாம்.

சவரம் செய்தபின் முகத்தில் தேய்க்கிறார்களே, அந்தப் படிகாரம் இதற்கும் உதவும். பொடி செய்து முன்பே தயாராக வைத்திருக்க வேண்டும். நகத்தின் நுனியில் வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் ரத்தம் கட்டும். சற்று எரியும். படிகாரம் இல்லாவிட்டால் சோள மாவை வைத்து அழுத்தலாம். பிறகு சில மணி நேரம் நாயை மண்ணிலும் சேற்றிலும் ஓட விடக் கூடாது.

20 நிமிடம் ஆகியும் ரத்தம் நிற்காவிட்டால் கால்நடை டாக்டரிடம் போக வேண்டும். மனிதர் சாப்பிடும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கக் கூடாது. அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

மனிதருக்குக் காயம் பட்டால்...

நாய் கடித்தாலும், நகம் கீறினாலும் அலட்சியம் கூடாது. "நம் வீட்டு நாய்தானே" என்று சும்மா இருப்பது தவறு. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் தடவக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பு ஊசிபற்றிக் கேட்க வேண்டும். வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் அநேகமாக மரணம்தான். வராமல் தடுக்க ஊசி இருக்கிறது.

நாய்க்கும் டாக்டர் சொல்லும் காலத்தில் தடுப்பு ஊசி போட்டுவிட வேண்டும்.

நாய் காலைத் தரவே மறுத்தாலும், நகம் சதையில் குத்தியிருந்தாலும் வீட்டில் முயல வேண்டாம். பக்கத்துக் கால்நடை ஆஸ்பத்திரியில் வெட்டிவிடுவார்கள். டாக்டர் எப்படிப் பிடிக்கிறார், எந்த இடத்தில் வெட்டுகிறார் என்று அருகில் நின்று பார்த்துக்கொண்டால், அடுத்த முறை வீட்டிலேயே பயமில்லாமல் வெட்டலாம்.