நெஞ்சில் கொள்ளும் நித்திரை

வாவிக்கரைப் பிள்ளைகள் – 7

“இவ என்னைப் பாக்கிறாவே இல்ல மிஸ்ஸி. எந்த நேரமும் நித்திரைதான். நான்தான் தாய் எண்டு இவக்குத் தெரியுமா?”

என் ஒன்றுவிட்ட தங்கை இதைக் கேட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள். முப்பது வாரத்தில் பிறந்தவள். நிறை ஒரு கிலோ முந்நூறு கிராம். குறைமாதப் பிள்ளைகளின் விடுதியை நம் வைத்தியசாலைகளில் ‘பி.பி.யு.’ என்றே சொல்வோம். அதற்குள், கண்ணாடிப் பெட்டியில், தொப்பிக்கும் குழாய்க்கும் இடையே முகம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. தங்கைக்கு வீடு வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில். மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தார்கள். இது அதற்கு முந்திய காலம். அவளுடைய கணவன் ஒவ்வொரு நாளும் ‘பாதை’ என்னும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்து, பஸ் பிடித்துச் சாப்பாடு கொண்டுவருவான். வீட்டில் நடக்க வேண்டிய முப்பத்தோராம் நாள் சடங்கு, தங்கை விடுதி வாங்கில் இருக்கும்போதே கழிந்து போனது.

தாதி மிஸ்ஸி சொன்ன பதில் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. “நித்திரையிலதான் மகள் இவ உங்களோட கதைப்பா. நெஞ்சில போட்டுப் பாருங்க.”

ஆறுதலுக்காகச் சொல்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். அதில் எவ்வளவு அறிவியல் இருந்தது என்பது பிறகு தேடி வாசித்தபோதுதான் தெரிந்தது.

பச்சைப் பிள்ளைக்கு இரண்டு வகை நித்திரை உண்டு. ஒன்று அமைதியானது: மூச்சு சீராக வரும், உடம்பு அசையாது. மற்றது துடிப்பானது: மூடிய இமைக்குள் கண் உருளும், உதடு கோணும், சிரிப்பு வரும், வந்த கையோடு அழுகை வரும், விரல்கள் திடீரென்று துள்ளும். “நரி வெருட்டுது” என்று பெத்தா சொல்வாரே, அதுதான். சிக்காகோவில் யூஜின் அசரின்ஸ்கி என்ற மாணவர் தூங்கும் குழந்தைகளின் இமைகளை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்ததில் தொடங்கியதுதான் இந்த ஆராய்ச்சி. 1953இல் அவரும் அவருடைய ஆசிரியர் நதானியேல் கிளைட்மனும் அதை உலகுக்கு அறிவித்தார்கள். வளர்ந்தவர்களின் நித்திரையில் இந்த வகை கால் பங்குக்கு மேல் வராது. நிறைமாதப் பிள்ளைக்கு ஏறத்தாழப் பாதி. முப்பது வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு அதைவிட மிக அதிகம்.

ஏன் இவ்வளவு? கருப்பைக்குள் இருந்திருக்க வேண்டிய கடைசிப் பத்து வாரங்களில்தான் மூளை மிக வேகமாகத் தன் இணைப்புகளை நெய்கிறது. வெளியிலிருந்து ஒளியும் காட்சியும் வருமுன், நித்திரைக்குள்ளேயே மூளை தன்னைத் தானே தூண்டிக்கொள்கிறது. அந்த விரல் துள்ளல்களும் வீண் இல்லை என்கிறார் ஐயோவா பல்கலைக்கழகத்தின் மார்க் பிளம்பர்க். விரல் ஒரு முறை துள்ளினால் அந்தச் செய்தி மூளைக்குத் திரும்பிப் போகிறது. இது என் விரல், இது என் கால் என்று மூளை அப்படித்தான் உடம்பைப் படிக்கிறதாம். ‘எந்த நேரமும் நித்திரை’ என்று தங்கை கவலைப்பட்ட அந்த நேரமெல்லாம், அவளுடைய வயிற்றுக்குள் நடந்திருக்க வேண்டிய வேலையைப் பிள்ளை வெளியில் இருந்து செய்துகொண்டிருந்தது.

அந்த வேலை நடக்க இடம் வேண்டும். இரத்தம் எடுக்க, நப்கின் மாற்ற, குழாயில் பால் விட, பெட்டியின் கதவு ஒரு நாளில் எத்தனையோ தடவை திறக்கும். இயந்திரம் கூவும். இந்த விடுதிகளில் ஒலி 45 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம். அது நாம் சாதாரணமாகப் பேசும் பேச்சை விடவும் குறைவு. அதனால்தான் நல்ல தாதிகள் செய்ய வேண்டியதையெல்லாம் ஒரே தடவையில் செய்துவிட்டுப் பிள்ளையை விட்டுவிடுகிறார்கள். நெஞ்சில் போட்டால் ஒரு மணித்தியாலமாவது வைத்திருங்கள் என்று அவர்கள் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. இரண்டு வகை நித்திரையும் ஒரு சுற்று வந்து முடிய ஏறத்தாழ அவ்வளவு நேரம் பிடிக்கும்.

தாயைப் பிரித்தால் என்ன நடக்கும் என்பது நூறு வருடங்களுக்கு முன்னரே தெரிந்திருந்தது. பாரிஸ் நகரில் குறைமாதப் பிள்ளைகளுக்கான மருத்துவத்துக்கு வழிவகுத்த பியர் புதேன், பிள்ளையைப் பராமரிக்க விடாமல் தள்ளி வைத்த தாய்மார் நாளடைவில் பிள்ளையில் பற்று இழந்து போவதைக் கண்டு எழுதினார். தெரிந்தும் உலகம் கண்ணாடிக்கு வெளியேதான் தாயை நிறுத்தியது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், பெட்டிகள் போதாமல் ஒன்றுக்குள் இரண்டு மூன்று பிள்ளைகளைக் கிடத்திய அரச மகப்பேற்று மருத்துவமனையில், தொற்று ஒருபக்கம், பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் தாய்மார் ஒருபக்கம் என்று தவித்த வைத்தியர் எட்கார் ரே, பிள்ளையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்திக் கட்டிவிட்டார். இல்லாமையிலிருந்து வந்த வழி அது. கங்காரு முறை என்று பெயர் வந்தது. ஏழை நாடுகளின் மாற்று ஏற்பாடு என்று நெடுங்காலம் அதை ஒதுக்கிப் பேசினார்கள்; எனக்கு இப்போதும் அதில் கோபம் உண்டு. 2021இல் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் செய்த ஆய்வின் முடிவு வந்தது. பிறந்த உடனேயே நெஞ்சில் போட்ட பிள்ளைகளில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 12. பெட்டியில் வைத்து, தேறிய பின் நெஞ்சுக்குக் கொடுத்தவர்களில் 15.7. மறுவருடம் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டலையே மாற்றி, நாளுக்கு 8 முதல் 24 மணித்தியாலம் நெஞ்சில் வைக்கச் சொன்னது.

உயிர் தப்புவது ஒரு கணக்கு. தங்கை கேட்ட கேள்வி வேறு. அதற்குப் பக்கத்தில் போனவர் இஸ்ரேலின் ரூத் ஃபெல்ட்மன். 73 குறைமாதப் பிள்ளைகளைத் தாயின் நெஞ்சில் நாளுக்கு ஒரு மணித்தியாலம், இரண்டு கிழமை மட்டும் வைத்தார்கள். வேறு 73 பேர் வழமைபோலப் பெட்டியில் இருந்தார்கள். பத்து வயதில் பார்த்தபோது, நெஞ்சில் கிடந்தவர்களின் நித்திரை ஒழுங்காக இருந்தது, பதற்றம் குறைவாக இருந்தது, தாயும் பிள்ளையும் ஒருவருக்கொருவர் ஈடுகொடுத்துப் பழகும் விதமும் மேலாக இருந்தது. மொத்தம் பதினான்கு மணித்தியாலம்! பெரும்பாலும் அந்த நேரத்தில் பிள்ளை கண்ணைத் திறந்தே இருக்காது.

கல்லடிப் பாலத்தடியில் பூரணை இரவில் பாடும் மீனைக் கேட்பது எப்படி என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. துடுப்பின் அலகு தண்ணீருக்குள், கைப்பிடி காதோடு. வாவிக்குள் எழும் ஒலி மரத்தின் வழியே ஏறி வரும். பிள்ளை தாயின் குரலை முதலில் கேட்டதும் இந்த மாதிரித்தான்: நீருக்குள் கிடந்து, அவளுடைய எலும்பு கடத்தித் தர. நெஞ்சில் காதை வைத்துக் கிடக்கும்போது அதே குரல் அதே வழியாக, விலா எலும்பின் ஊடாக வருகிறது. நான்தான் தாய் என்று தெரியுமா? தெரியும்.

வீட்டுக்குப் போகும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. ஏணையில் போட்டு ஆட்ட எல்லோருக்கும் ஆசை வரும். குறைமாதப் பிள்ளைக்குக் கழுத்தில் பலம் இல்லை. சேலை வளைவில் நாடி நெஞ்சோடு மடங்கினால் மூச்சு அடைபடும். தட்டையான, இறுக்கமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துங்கள். விடுதியில் குப்புறப் போட்டிருந்தார்களே என்று கேட்பீர்கள். அங்கே இயந்திரம் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. நெஞ்சில் வைக்கும்போதும் முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கு வெளியில் தெரிய வேண்டும். நித்திரை உங்களையும் இழுத்தால் பிள்ளையைப் படுக்கையில் விட்டுவிடுங்கள். இன்னொன்று: வயதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணி, ‘மூன்று மாசமாயிற்று, இரவில் நித்திரை இல்லையே’ என்று கலங்க வேண்டாம். பத்து வாரம் முந்தி வந்தவளுக்கு அந்தப் பத்து வாரத்தைக் கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். இரவு எது, பகல் எது என்று கருப்பைக்குள் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது தாயின் உடம்பு. இப்போது இரவில் சுரக்கும் பால் கொஞ்சம் சொல்லும்.

மிஸ்ஸி சொன்ன அன்று பின்னேரமே தங்கை பிள்ளையை நெஞ்சில் வாங்கினாள். நான்கு நாள் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வர, அவளை உள்ளே விடவில்லை. சாப்பாட்டோடு வந்த கணவனிடம், “தம்பி, சேட்டைக் கழட்டுங்க” என்றார் மிஸ்ஸி. அவனுக்குக் கை நடுங்கியது. வயல் சேறு போகவில்லை என்று சொல்லி மூன்று தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்தான். பிள்ளையை வைத்ததும் மூச்சுவிடவே பயந்து இருந்தான். கொஞ்ச நேரத்தில் அவளுடைய இமைக்குள் கண் உருளத் தொடங்கியது, பிறகு அடங்கியது. அவன் கால் விறைத்தும் அசையவில்லை. கடைசிப் பாதைக்கு நேரமாகிறது என்று நான் சைகை காட்டினேன்.

அவன் தலையை மட்டும் மெல்ல ஆட்டி, வேண்டாம் என்றான்.