வீட்டு மீடியா சர்வர் லினக்ஸுக்கு மாறும்போது...

தொலைக்காட்சிக்குக் கீழே உள்ள அலமாரியில் ஒரு பழைய கணினி. அதற்குத் திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. ஆனாலும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். கூடத்துத் தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ ஒரு பொத்தானைத் தட்டினால் அதிலிருந்து படம் வரும். பிளெக்ஸ், ஜெல்லிஃபின் போன்ற மென்பொருளைப் போட்டு இப்படியொரு ‘மீடியா சர்வர்’ வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

அதில் இருப்பவை சினிமாப் படங்கள் மட்டும்தானா? வீடியோ கேசட்டிலிருந்து மாற்றிய அண்ணன் திருமணம், விசிடியில் வந்த பெயர் சூட்டு விழா, மகளின் அரங்கேற்றம், பத்துமலைக்குக் காவடி எடுத்த ஆண்டு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

அந்தக் கணினி விண்டோஸ் 10இல் ஓடுகிறது என்றால், கவனிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் அதற்கான வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்பு மேம்பாடுகள் மேலும் ஓராண்டு கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால், பொதுவாக இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். பழைய கணினிகள் பலவற்றில் இவை இல்லை.

கணினி கெட்டுப்போகவில்லை, படமும் நன்றாகவே ஓடுகிறது. ஆனால், நாள் முழுக்க இணையத்தோடு இணைந்திருக்கும் ஒரு கருவியைப் பாதுகாப்பு மேம்பாடு இல்லாமல் விட்டுவைப்பது பூட்டாத கதவுக்குச் சமம். அதனால்தான் பலர் இலவச இயங்குதளமான லினக்ஸின் பக்கம் திரும்புகிறார்கள்.

எதை எடுப்பது?

மூலையில் கிடக்கப்போகும் கணினிக்குப் புதுமையைவிட நீண்ட ஆயுள் முக்கியம். 2024 ஏப்ரலில் வந்த உபுண்டு 24.04க்கு ஐந்தாண்டு ஆதரவு உண்டு. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13ம் இதற்குப் பொருத்தமானது. பிளெக்ஸ், ஜெல்லிஃபின் இரண்டுமே விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். ஜெல்லிஃபின் முழுக்க இலவசம். எம்பி என்ற மென்பொருள் தன் நிரல்களை மூடிக்கொண்டபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வளர்ந்தது அது.

முதலில் நகல், பிறகுதான் மற்றவை

சினிமாப் படம் அழிந்தால் வேறெங்காவது கிடைக்கும். மறைந்துபோன பாட்டி தாலாட்டுப் பாடும் மூன்று நிமிடக் காட்சி கிடைக்காது. ஆகவே எதையும் தொடும் முன் இரண்டையும் பிரித்துவிடுங்கள். குடும்பக் காட்சிகளுக்கு மூன்று பிரதிகள் இருக்கட்டும். அவற்றில் ஒன்று வேறு வீட்டில், அக்காள் வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ, இருக்கட்டும். வெள்ளமும் திருட்டும் ஒரே வீட்டில் இருக்கும் மூன்று பிரதிகளையும் சேர்த்தே கொண்டுபோய்விடும்.

நகல் எடுத்ததோடு வேலை முடியாது. ஒவ்வொரு கோப்பிற்கும் கைரேகை போன்ற ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுத் தரும் நிரல்கள் இருக்கின்றன. மூலத்தின் எண்ணும் நகலின் எண்ணும் ஒன்றாக இருந்தால் நகல் சரி. குறைந்தபட்சம், ஒவ்வொரு காட்சியையும் திறந்து, தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் சில விநாடிகள் ஓடவிட்டுப் பாருங்கள்.

இன்னொரு எளிய பாதுகாப்பு: லினக்ஸை நிறுவும்போது, காட்சிகள் உள்ள ஹார்ட் டிஸ்க்கின் கம்பியைக் கழற்றி வைத்துவிடுங்கள். நிறுவும் நிரல், “எந்த டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவட்டும்?” என்று கேட்கும் இடத்தில்தான் விபத்து நடக்கும். இணைக்கப்படாத டிஸ்க்கை யாராலும் தவறுதலாக அழிக்க முடியாது. விண்டோஸ் இருந்த பழைய டிஸ்க்கையும் அழிக்காமல் எடுத்து வைத்துக்கொண்டு, புதிதாக ஒரு சிறிய எஸ்எஸ்டியில் லினக்ஸை நிறுவினால், சரிவராதபோது பழையபடி திரும்பலாம்.

தமிழ்ப் பெயருக்கு இடம் போதுமா?

விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு முறையின் பெயர் என்டிஎஃப்எஸ். லினக்ஸில் வழக்கமானது இஎக்ஸ்டி4. லினக்ஸால் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கையும் படிக்க முடியும். ஆகவே முதல் நாளே எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் விண்டோஸில் ‘வேகத் தொடக்கம்’ என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால், கணினியை அணைத்தாலும் அது பாதி உறக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் கழற்றிய டிஸ்க்கில் லினக்ஸ் எழுத மறுக்கலாம். அந்த வசதியை நிறுத்திவிட்டு முழுமையாக அணையுங்கள். இஎக்ஸ்டி4க்கு மாற்றுவதென்றால் டிஸ்க்கை ஃபார்மெட் செய்தாக வேண்டும். கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் பத்திரப்படுத்தாமல் அதைச் செய்யக்கூடாது.

இங்கே தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. என்டிஎஃப்எஸ் ஒரு கோப்புப் பெயரில் 255 குறிகளை அனுமதிக்கிறது. இஎக்ஸ்டி4 அனுமதிப்பது 255 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். ‘தா’ என்பது ‘த’வும் துணைக்காலும் சேர்ந்து இரண்டு குறிகள், ஆக ஆறு பைட். ‘தாத்தா பாட்டி அறுபதாம் கல்யாணம்’ என்ற நான்கு சொற்களே 87 பைட் பிடித்துக்கொள்கின்றன. ஊர், மண்டபம், தேதி, யார் யார் வந்தார்கள் என்றெல்லாம் பெயரிலேயே நீட்டி எழுதியிருந்தால், விண்டோஸில் இருந்த கோப்பு லினக்ஸில் நகலாகாது. நூற்றுக்கணக்கான கோப்புகளை நகலெடுக்கும்போது இப்படி நின்றுபோன ஒன்றிரண்டு நம் கண்ணில் படாமல் போகக்கூடும். முன்கூட்டியே பெயர்களைச் சுருக்கி, விவரங்களைத் தனிக் குறிப்பாக எழுதி வையுங்கள்.

யூனிகோடு பரவுவதற்கு முன், ஆளுக்கொரு எழுத்துருவில் தமிழ் தட்டச்சு செய்த காலம் ஒன்று இருந்தது. அப்போது எழுதிய குறிப்புகள் இன்று திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தெரியும். பழைய எழுத்துரு அந்தக் கணினியில் இருக்கும்போதே அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. திருமணப் படத்தில் முன்வரிசையில் நிற்பவர் யார் என்பது அந்தக் குறிப்பில் மட்டுமே இருக்கலாம்.

லினக்ஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு. ஆங்கிலத்தில் பெயரிட்ட கோப்புறைகளில் இதைக் கவனிக்க வேண்டும். தமிழ்ப் பெயர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. வசன வரிகள் தமிழில் இருந்து, திரையில் கட்டம் கட்டமாக வந்தால் அஞ்ச வேண்டாம். நோட்டோ போன்ற ஓர் இலவசத் தமிழ் எழுத்துருவைச் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பட்டியல் காலியாகத் தெரிந்தால்

எல்லாம் முடிந்து முதன்முறை திறக்கும்போது திரையில் ஒரு படமும் இல்லாமல் போகலாம். பதற வேண்டாம், கோப்புகள் அப்படியேதான் இருக்கும். இதற்கு வழக்கமான காரணங்கள் இரண்டு.

முதலாவது, அனுமதி. லினக்ஸில் ஜெல்லிஃபின் தனக்கென ஒரு பயனர் கணக்கில் ஓடும். அந்தக் கணக்குக்கு உங்கள் கோப்புறையைப் படிக்கும் அனுமதி தர வேண்டும். இரண்டாவது, இணைப்பு. விண்டோஸில் ‘டி’, ‘இ’ என்று டிஸ்க்குகளுக்கு எழுத்துப் பெயர் உண்டு. லினக்ஸில் ஒவ்வொரு டிஸ்க்கையும் ஒரு கோப்புறையோடு இணைக்க வேண்டும். கணினி மறுபடி தொடங்கும்போது தானாக இணையும்படி, டிஸ்க்கின் தனி அடையாள எண்ணைக் கொண்டு எழுதி வைக்காவிட்டால், ஒரு மின்வெட்டுக்குப் பிறகு பட்டியல் காலியாகிவிடும்.

யார் எதுவரை பார்த்தார்கள் என்ற விவரம் சர்வரின் தரவுத்தளத்தில் இருக்கும். அங்கே ஒவ்வொரு கோப்பின் முகவரியும் பழைய ‘டி’ பாதையோடு பதிவாகியிருப்பதால், அதை அப்படியே கொண்டுவந்தால் பொருந்தாது. பாதைகளை மாற்றி எழுத வழி உண்டு, ஆனால் பொறுமை வேண்டும். பார்த்த கணக்கு போனாலும் பரவாயில்லை என்றால் புதிதாகத் தொடங்குவதே எளிது. விண்டோஸில் இருக்கும்போதே படத்தின் விவரங்களையும் அட்டைப் படத்தையும் அந்தந்தக் கோப்புறையிலேயே சேமிக்கும்படி ஜெல்லிஃபினில் அமைத்துக்கொண்டால், நீங்கள் உழைத்துச் சேர்த்த விவரங்களாவது மிஞ்சும்.

இந்த வேலையைத் தீபாவளிக்கு முந்திய வாரம் தொடங்க வேண்டாம். வீட்டில் உள்ளவர்களுக்கு இயங்குதளம் எதுவானாலும் கவலையில்லை, பொத்தானை அழுத்தினால் படம் வர வேண்டும். வீட்டு ரவுட்டரில் சர்வருக்கு நிலையான முகவரி ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். பிறகு, கணினி ஓடாதபோது மின்சாரத்தை அணைத்துப் போட்டு, அது தானாக எழுந்து படம் காட்டுகிறதா என்று சோதித்துப் பாருங்கள். தானாக எழாவிட்டால், மின்சாரம் வந்ததும் தொடங்கும்படி பயாஸ் அமைப்பில் மாற்றலாம்.

நீங்கள் இல்லாதபோது?

இந்த மாற்றத்தின் பெரிய ஆபத்து பின்னாளில்தான் வரும். விண்டோஸ் டிஸ்க்கை வீட்டில் யார் வேண்டுமானாலும் ஒரு மடிக்கணினியில் செருகித் திறந்துவிடலாம். இஎக்ஸ்டி4 டிஸ்க்கைச் செருகினால் விண்டோஸுக்கு அது புரியாது. பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மெட் செய்ய வேண்டும் என்று சொல்லி, “செய்யட்டுமா?” என்று கேட்கும். நீங்கள் வெளியூரில் இருக்கும்போதோ, நோயில் படுத்திருக்கும்போதோ, உங்கள் காலத்துக்குப் பிறகோ, விவரம் தெரியாத ஒருவர் ‘சரி’ என்று அழுத்தினால் குடும்பத்தின் முப்பது ஆண்டுகள் எளிதில் மீட்க முடியாதபடி போய்விடும்.

ஆகவே குடும்பக் காட்சிகளின் ஒரு பிரதியை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மெட் செய்த வெளி ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் அதைப் படிக்கும். மேலே ‘குடும்பப் படங்கள், அழிக்காதீர்கள்’ என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். சர்வரில் இருக்கும் டிஸ்க்கின் மேலும் ‘விண்டோஸில் செருக வேண்டாம்’ என்று ஒரு சீட்டு இருக்கட்டும். எது எங்கே இருக்கிறது, கடவுச்சொல் என்ன என்பதை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள்.

பிறகு மனைவியையோ மகனையோ அழைத்து, அந்த டிஸ்க்கைக் கொடுத்து, நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவர்களாகவே பாட்டியின் தாலாட்டைத் திறக்கச் சொல்லுங்கள். அவர்கள் திறந்துவிட்டால், சர்வர் மாற்றும் வேலை முடிந்தது என்று பொருள்.