வண்டி நின்ற வழி

புகைவண்டி ஓடாத இருப்புப் பாதையால் யாருக்கு என்ன பயன்? தண்டவாளங்களைப் பெயர்த்து இரும்பு விலைக்கு விற்கலாம். நிலத்தைத் துண்டு துண்டாக ஏலம் விடலாம். இவை இரண்டும் ஒருமுறை மட்டுமே வரும் வருவாய். ஆண்டுதோறும் பயன் தரும் வழி வேறொன்று உண்டு. நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் உரிய உலாவழியாக அப்பாதையை மாற்றுவதே அது.

இருப்புப் பாதை இதற்கு ஏன் ஏற்றது? செங்குத்தான மேட்டில் இரயில் ஏறாது. ஆதலால் பொறியாளர்கள் குன்றைக் குடைந்தும், பள்ளத்தைத் தூர்த்தும், ஆற்றுக்குப் பாலமிட்டும் வழி அமைத்தனர். நூறடி தூரத்தில் ஓரடி, இரண்டடிக்கு மேல் அது உயர்வது அரிது. முதியோரும் சிறுவரும் மூச்சிரைக்காமல் செல்லலாம். பெருஞ்செலவு முன்னரே செய்யப்பட்டுவிட்டது; எஞ்சுவது சிறு செலவே.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியை எடுத்துக்கொள்வோம். அங்கே கிளைடு முதல் மிடில்மார்ச் வரை இருந்த பாதை 1990-இல் மூடப்பட்டது. ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வழி 2000-ஆம் ஆண்டில் உலாவழியாகத் திறக்கப்பட்டது. அவ்வழியை ஒட்டிய சிற்றூர்களில் விடுதிகளும், உணவுச் சாலைகளும், மிதிவண்டி வாடகைக் கடைகளும் தோன்றின. காரணம் எளிது. காரில் செல்பவர் அந்தத் தொலைவை இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடுவார். ஊர்கள் அவருக்குக் கண்ணாடிக்கு வெளியே ஓடும் காட்சியே. மிதிவண்டியில் செல்பவருக்கோ மூன்று நான்கு நாள்கள் வேண்டும். அவர் ஊர்தோறும் உண்ண வேண்டும். இரவில் உறங்க வேண்டும். மெதுவாகச் செல்பவரின் பணமே வழியிலுள்ள ஊரில் தங்குகிறது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. வழியைப் பேணுவது அரசு. வருவாய் பெறுவதோ கடைக்காரர். வழியில் நடக்கக் கட்டணம் இல்லையாதலால், அதன் பயனை நுழைவுச்சீட்டுக் கணக்கில் தேடினால் கிடைக்காது. ஊரார் தொழிலிலும் அதனால் பெருகும் வரியிலும் தேட வேண்டும். நிழலும் குடிநீரும் இல்லாத வழிக்கு யாரும் வாரார்.

பாதையைத் துண்டாடாமல் காப்பது தலையாய கடமை. ஓரிடத்தில் அறுந்த வழி முழுமையும் பயனிழக்கும். சிங்கப்பூரில் 2011-இல் மலாயா இரயில் ஓட்டம் நின்றபோது, நிலத்திற்குப் பொன்விலை உள்ள அந்நகரிலும் 24 கிலோமீட்டர் பாதையை ஒரே தொடராக வைத்துக்கொண்டனர். அமெரிக்காவில் 1983-இல் இயற்றப்பட்ட சட்டம், வருங்காலத்தில் இரயில் திரும்பலாம் என்னும் நிபந்தனையோடு பாதையை உலாவழியாகப் பயன்படுத்த இடமளிக்கிறது.

இரயில் திரும்புமா என ஐயுற வேண்டா. நம் நாட்டில் திருத்துறைப்பூண்டி-அகத்தியம்பள்ளி மீட்டர் பாதை நெடுங்காலம் வண்டியின்றிக் கிடந்தது. 37 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை, அகலப் பாதையாகி 2023 ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டது. நிலம் கைவிட்டுப் போயிருந்தால் அது எளிதில் இயன்றிராது.

இருப்புப் பாதை இல்லாத ஊத்துக்கோட்டை மாணவர்க்கு இச்செய்தி எதற்கு? 1996 முதல் கிருஷ்ணை நீர் தமிழகத்துள் நுழைவது அவ்வூரின் அருகில்தான். அங்கிருந்து பூண்டி நீர்த்தேக்கம் வரை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் கால்வாய் செல்கிறது. இரயிலைப் போலவே நீரும் சீரான சரிவையே நாடுவதால், கால்வாய்க் கரையும் நீண்டு தொடரும் ஒரு வழியே. ஆனால் அது குடிநீர். தூய்மையும் பாதுகாப்பும் முதலில் நிற்க வேண்டும். அவற்றுக்குக் கேடின்றிக் கரையில் உலாவழி அமைக்க இயலுமா? நிழல் மரங்களுக்கும் வேலிக்கும் ஆண்டுச் செலவு என்ன? எந்தெந்த ஊரின் கடைகள் பயன்பெறும்? மாணவர்களே கணக்கிட்டுப் பார்க்கட்டும். பொருளாதாரப் பாடத்துக்கு இதனினும் அருகிலுள்ள எடுத்துக்காட்டு அவர்களுக்கு வேண்டுவதில்லை.