மாவுப்பூச்சி ஒன்றல்ல... பெயரைச் சரியாகப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது!

மரவள்ளியின் குருத்தில் வெள்ளையாகப் பஞ்சு அப்பியதுபோல இருந்தால், ஊரில் அதற்கு ஒரே பெயர்தான்... மாவுப்பூச்சி. பப்பாளியில் வந்தாலும் மாவுப்பூச்சி. பருத்தியில் வந்தாலும் மாவுப்பூச்சி. ஆனால், இவையெல்லாம் ஒரே இனம் அல்ல. இவற்றை அடக்கும் குளவிகளும் இனத்துக்கு இனம் வேறு.

2008-ம் ஆண்டு கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. மல்பெரி, மரவள்ளி என்று அது பரவியபோது, விவசாயிகள் மருந்தை மாற்றி மாற்றி அடித்தும் பலனில்லை. உடலை மூடிய மெழுகுப்பூச்சு மருந்தை உள்ளே விடவில்லை. அது ‘பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ்’ என்ற இனம் என்று தெரிந்ததால்தான், அதற்கே உரிய ‘அசிரோபேகஸ் பப்பாயே’ என்ற குளவியை 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்க முடிந்தது. குளவியை வளர்த்து வயல்களில் விட்ட பிறகு பூச்சி கட்டுக்குள் வந்தது.

2020-ல் மரவள்ளியில் இன்னொரு மாவுப்பூச்சி தலைகாட்டியது. பெயர் ‘பினாகாக்கஸ் மணிஹாட்டி’. இதற்குப் பழைய குளவி உதவாது. ‘அனகைரஸ் லோபெசி’ என்ற குளவி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு, 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலிருந்து வயல்களுக்குச் சென்றது.

பெயர் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கும் இதே பூச்சிதான் சாட்சி. 1970-களில் இது ஆப்பிரிக்காவின் மரவள்ளியை அழித்தது. அதன் எதிரியைத் தேடியவர்களுக்குத் தென் அமெரிக்காவின் வடபகுதியில் முதலில் கிடைத்தது, பார்வைக்கு அதேபோன்ற வேறோர் இனம். அதன் குளவிகள் ஆப்பிரிக்காவில் எடுபடவில்லை. 1981-ல் பராகுவேயில் சரியான இனமும் அதன் குளவியும் கிடைத்த பிறகே விடிவு பிறந்தது.

இணையத்தில் உறவுமுறை

ஊரில் நான்கு முருகேசன் இருந்தால், அப்பா பெயரையும் தெருவையும் சேர்த்துத்தானே சொல்கிறோம்? உயிரினங்களுக்கும் அப்படியொரு ஏற்பாடு உண்டு. எது எந்தக் குடும்பம், எந்தப் பயிரைத் தின்னும், எது அதைத் தின்னும் என்று உறவுமுறையோடு தகவலை அடுக்குவதை ‘ஆன்டாலஜி’ என்கிறார்கள். ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் ‘அக்ரோவாக்’ சொற்தொகுதி, ஒரே பொருளுக்குப் பல மொழிகளில் வழங்கும் பெயர்களை இப்படி இணைக்கிறது. ‘ஸ்கேல்நெட்’ என்ற இலவச இணையதளத்தில் மாவுப்பூச்சியின் அறிவியல் பெயரைத் தட்டினால், தாக்கும் பயிர்கள், பரவியுள்ள நாடுகள், இயற்கை எதிரிகள் எல்லாம் வரிசையாக வரும். தளம் ஆங்கிலத்தில் இருப்பதால் படித்த பிள்ளைகளின் உதவியோடு பார்க்கலாம்.

விவசாயி செய்ய வேண்டியது

மரவள்ளியில் பூச்சியின் உடல் மஞ்சளாக இருந்தால் பப்பாளி மாவுப்பூச்சியாக இருக்கலாம். இளஞ்சிவப்பாக இருந்து, நுனி இலைகள் கொத்தாகச் சுருங்கியிருந்தால் புதிய இனமாக இருக்கலாம். நிறத்தை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. பூச்சியோடு குருத்தைக் கிள்ளி, காற்றோட்டமுள்ள உறையில் இட்டு, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டி, அறிவியல் பெயரை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரை கடுமையான பூச்சிக்கொல்லியைத் தவிர்ப்பது நல்லது. வயலில் ஏற்கெனவே குளவி இருந்தால், முதலில் சாவது அதுதான்.