பழைய ஊர்தியும் புதிய வஞ்சமும்

உழவன் ஒருவன் உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்கின்றான். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து அதன் வயதை அறிகின்றான், நடக்கவிட்டு நடையைக் காண்கின்றான், சுழி பார்க்கின்றான், விற்பவன் எவ்வூரினன், மாட்டை ஏன் விற்கின்றான் என்றும் வினவுகின்றான். இத்தனையும் முடிந்த பின்னரே அவன் கை மடியிலுள்ள அச்சாரப் பணத்தை நாடுகின்றது. கண்முன் நிற்கும் மாட்டையே இவ்வாறு ஆராய்ந்து வாங்கிய மரபில் வந்தோர், இன்று கண்ணாற் காணாத மோட்டார் வண்டிக்கு முன்பணம் அனுப்பி ஏமாறுகின்றனர். இஃது இரங்கத்தக்கதன்றோ?

கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடையே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவு உண்டு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசு அலுவலகங்கள் பல உள்ளன; முதுநகரில் துறைமுகம் உளது. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் 1929-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகம் விளங்குகின்றது. அலுவல், கல்வி, வாணிகம், மருத்துவம் ஆகியவற்றின் பொருட்டு இவ்விரு நகரங்களுக்குமிடையே நாள்தோறும் மக்கள் போய் வருகின்றனர். சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என விழைந்தும் புதியது வாங்க இயலாதோர் பழைய வண்டியை நாடுவது இயல்பே. முன்னாளில் தரகர் வழியாக நடைபெற்ற இவ்வாணிகம், இந்நாளில் இணையத்தின் வழியாகவும் நடைபெறுகின்றது. கடலூரில் விற்பனைக்கு நிற்கும் வண்டியைச் சிதம்பரத்தில் இருப்பவர் நொடிப்பொழுதில் அறிகின்றார். இது பெரும் நன்மையே. ஆயினும், முகத்தைக் காட்டாமல் பேச இடந்தருவதால், வஞ்சகருக்கும் அவ்வழி எளிதாயிற்று.

அவ்வஞ்சம் நிகழும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்த ஒருவர், கைப்பேசியில் ஒரு கார் விளம்பரத்தைக் காண்கின்றார் எனக் கொள்வோம். படங்கள் அழகியன, விலையோ ஊர் விலையிற் பாதி. விற்பவருடன் தொலைபேசியில் பேசுகின்றார். “யான் இராணுவத்தில் பணிபுரிகின்றேன், தொலைவிலுள்ள முகாமிற்கு மாற்றலாகிவிட்டது, அதனாலேயே குறைந்த விலைக்கு விற்கின்றேன்” என்று மறுமொழி வருகின்றது. சீருடை அணிந்த படமும் அடையாள அட்டையின் படமும் உடன் வருகின்றன. வண்டியை நேரிற் காண வேண்டும் என்றால், “அது முகாமினுள் நிற்கின்றது, வெளியார் வருதல் ஆகாது, ஏற்றி அனுப்பும் கூலியை மட்டும் அனுப்புக” என்கின்றார். கூலி சென்றபின் வரி என்றும், காப்பீடு என்றும், திருப்பித் தரப்படும் பிணைத்தொகை என்றும் கோரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாய் வளர்கின்றன. இறுதியில் வண்டியும் வருவதில்லை, தொலைபேசியும் ஒலிப்பதில்லை. படத்தில் இருந்தவர் இச்செய்தியையே அறியாத வேறொருவராதலும் உண்டு. இராணுவ வீரர் போல் நடித்துச் செய்யும் இம்மோசடி குறித்துப் பல மாநிலக் காவல் துறையினரும் மக்களை எச்சரித்துள்ளனர்.

கற்றோரும் இவ்வலையில் வீழ்வது ஏன்? மலிவான விலை ஆசையைத் தூண்டுகின்றது. சீருடை மதிப்பை உண்டாக்கி ஐயத்தை அடக்குகின்றது. “வேறொருவர் வாங்க வருகின்றார், இன்றே அனுப்புக” என்னும் விரைவு, எண்ணிப் பார்க்கும் காலத்தைப் பறிக்கின்றது. முதலில் கேட்கும் தொகை சிறிதாதலின் கொடுப்பது எளிதாகின்றது. கொடுத்தபின், அதனை இழக்க மனமின்றி மேலும் கொடுக்க நேர்கின்றது. இழந்ததை மீட்கும் எண்ணமே பேரிழப்பிற்கு வழியாகின்றது.

திருவள்ளுவர் ஓர் அதிகாரத்திற்குத் ‘தெரிந்து தெளிதல்’ எனப் பெயரிட்டார். தெரிதல் என்பது ஆராய்தல். தெளிதல் என்பது நம்புதல். ஆராய்தல் முன்னும் நம்புதல் பின்னுமாக நிற்றல் வேண்டும். வஞ்சகன் செய்வதெல்லாம் இவ்வரிசையைத் தலைகீழாக்குவதே. முதலில் நம்பிப் பணம் அனுப்புமாறும், பின்னர் வண்டியைப் பார்த்துக்கொள்ளுமாறும் அவன் கூறுகின்றான். ஆதலின், பழைய வண்டி வாங்குவோர் பொருள், ஆவணம், ஆள் என்னும் மூன்றையும் முன்னரே ஆராய்தல் வேண்டும்.

முதலாவது பொருள். வண்டியைப் பகலொளியில் நேரிற் காண வேண்டும். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். ஓடிய தொலைவைக் காட்டும் மீட்டரைத் திருத்திக் குறைத்துக் காட்டுவோர் உளர். மீட்டர் குறைந்த தொலைவைக் காட்ட, மிதிகட்டைகளும் இருக்கைகளும் மிகத் தேய்ந்திருப்பின் ஐயுற வேண்டும். பழுதுபார்த்த பழைய சீட்டுகளில் குறித்துள்ள தொலைவோடும் அதனை ஒப்பிடலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைப் பற்றிக் கடலோர மாவட்டத்தார் சிறப்பாக அறிந்திருத்தல் நன்று. 2015-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையும் கடலூர் மாவட்டமும் பெருவெள்ளத்திற்கு ஆளாயின. 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் தென்பெண்ணை பெருகிக் கடலூரின் பல பகுதிகளைச் சூழ்ந்தது. நீரில் மூழ்கிய வண்டியைக் கழுவி மெருகூட்டினால் வெளித்தோற்றம் புதிதாகலாம்; மின்கம்பிகளின் இணைப்புகளிற் பற்றிய துருவோ மறைவில் வளர்ந்துகொண்டே இருக்கும். இருக்கைப் பட்டையை இறுதிவரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை வெளிப்படலாம். தரைவிரிப்பின் அடியிலும், மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியிலும் வண்டல் தங்கியிருக்கலாம். முன்விளக்கின் கண்ணாடிக்குள் நீராவி படிந்திருத்தலும், மிகுந்த நறுமணத்தால் பூஞ்சை நாற்றத்தை மறைத்திருத்தலும் ஐயத்திற்குரியன. நிழற்படம் இவற்றுள் ஒன்றையும் காட்டாது.

இரண்டாவது ஆவணம். கடலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற் பதிவான வண்டி டி.என். 31 என்றும், சிதம்பரத்திற் பதிவான வண்டி டி.என். 91 என்றும் எண் தாங்கும். ஊர் எண்ணைக் கண்ட அளவில் உள்ளூர் வண்டி என நம்பிவிடலாகாது. எண் பலகையை எவரும் எழுதிக்கொள்ளலாம். வண்டியின் உடலிற் பொறிக்கப்பெற்ற சேசிஸ் எண்ணே உறுதியான அடையாளம். அது 17 எழுத்தும் இலக்கமும் கொண்டது. இலக்கங்களோடு மயங்குதல் கூடாது என்பதற்காக ஐ, ஓ, கியூ என்னும் ஆங்கில எழுத்துகள் அதில் இடம்பெறுவதில்லை. அவ்வெண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுச் சான்றில் உள்ளவாறே இருத்தல் வேண்டும். சுரண்டியோ மீண்டும் பொறித்தோ இருப்பின், திருட்டு வண்டியோ என ஐயுற்று விலகுதல் வேண்டும். மத்திய அரசின் ‘பரிவாகன்’ இணையதளத்தில் வண்டியின் பதிவு நாள், காப்பீடு முடியும் நாள், கடன் பொறுப்பு முதலியவற்றை ஒப்பிட்டறியலாம். வண்டியின்மீது கடன் இருந்தால், கடன் தந்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் கடன் நீக்கத்திற்குரிய 35-ஆம் எண் படிவமும் பெறுதல் வேண்டும்.

மூன்றாவது ஆள். பதிவுச் சான்றிற் காணும் உரிமையாளரே விற்பவராக இருத்தல் வேண்டும். உறவினர் வண்டி என்றோ நண்பர் வண்டி என்றோ கூறினால், அவ்வுரிமையாளரை நேரிற் கண்டு பேசுதல் வேண்டும். பணத்தையும் அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிற்கே செலுத்துதல் வேண்டும். வண்டி ஒருவர் பெயரிலும், பேசுபவர் வேறொருவராகவும், கணக்கு மற்றொருவர் பெயரிலும் இருப்பின், அவ்வாணிகத்தை அவ்விடத்திலேயே கைவிடுதல் அறிவுடைமை.

விற்பவரும் ஏமாறுதல் உண்டு. வாங்குபவர் போல் நடிப்பவன், “உமக்குப் பணம் அனுப்புகின்றேன், இக்கியூ.ஆர். குறியைப் படம்பிடித்து உம் பின் எண்ணை இடுக” என்பான். யூ.பி.ஐ. முறையில் அவ்விரகசிய எண்ணை இடுதல் பணம் கொடுப்பதற்கேயன்றிப் பெறுவதற்கன்று. பணம் பெறுவதற்கு எண் கேட்பவன் பணம் பறிப்பவனே.

பணம் கொடுத்து வண்டியைப் பெற்றதோடு கடமை முடிவதில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, மாநிலத்திற்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் உரிமை மாற்றத்தைத் தெரிவித்தல் வேண்டும். 29, 30-ஆம் எண் படிவங்கள் இதற்குரியன. பெயர் மாற்றாது விட்டால் விளையும் கேடு சிறிதன்று. வண்டி கைமாறியிருந்தும் பதிவு மாறாதிருந்த ஒரு விபத்து வழக்கில், பதிவிலுள்ளவரே உரிமையாளர் எனக் கொண்டு, இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்கே உரியது என 2018-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒருகால் ஏமாற நேர்ந்தால் நாணி மறைத்தல் கூடாது. 1930 என்னும் எண்ணை உடனே அழைத்து முறையிடுதல் வேண்டும். வங்கிக்கும் காவல் நிலையத்திற்கும் தெரிவித்தல் வேண்டும். வஞ்சகர் பணத்தை ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றிற்கு விரைந்து மாற்றுவர். அஃது எடுக்கப்படுமுன் முறையீடு சென்றால் தடுத்து நிறுத்த வழியுண்டு. உரையாடல்களையும் பணம் செலுத்திய சீட்டுகளையும் அழித்துவிடாது காத்தல் வேண்டும்; அவையே சான்றாவன. ஏமாந்தவர் குற்றவாளி அல்லர் என்பதை வீட்டிலுள்ளோரும் உணர்ந்து, கடிந்துரையாது துணைநிற்றல் வேண்டும்.

பல இல்லங்களிற் கைப்பேசியை நன்கு கையாள்வோர் மாணவரே. வாணிகத்தின் நெளிவு சுளிவுகளைப் பட்டறிந்தோர் பெரியோர். தந்தையோ தமையனோ வண்டி வாங்க முனையும்போது, மாணவர் பதிவு விவரங்களை ஆராய்ந்து கூறலாம். பெரியோர் விற்பவரை நேரிற் கண்டு மதிப்பிடலாம். இளையோர் அறிவும் முதியோர் பட்டறிவும் ஒன்றுகூடும் இல்லத்தில் வஞ்சகன் சொல் எளிதில் நுழையாது. விரைந்து பணம் கேட்பவனிடம், “வண்டியைக் கண்ட பின்னரே பணம்” என்று உறுதியாகக் கூறும் ஒரு சொல், ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பைக் காக்கும். எனவே, எப்பொருளை வாங்கினும் முதலில் தெரிவோமாக. அதன் பின்னரே தெளிவோமாக.