வாத்து விழணும்னா டிவியை மாத்து

பரணில் இருந்து… – 17

மாமல்லபுரம் கடற்கரையில் வெயில் தாழ்ந்த பிறகு பலூன் சுடுகிற பலகைகளை வரிசையாக நிறுத்திவிடுவார்கள். போன மாதம் அக்கா மகனோடு அங்கே நின்றிருந்தேன். பத்தாவது படிக்கிறான், ஊரே மாமல்லபுரம்தான். பத்து ரவைக்கு ஏழு பலூன் உடைத்தான். கடைக்காரரே அவனைத் திரும்பிப் பார்த்தார். துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு நடக்கும்போது ஒரு மாதிரி குரலில் சொன்னான்: "இங்க குறி தப்பல மாமா. வீட்ல டிவி முன்னாடி உக்காந்தா ஒரு வாத்துகூட விழல. அந்தத் துப்பாக்கி டுபாக்கூரா?"

அவன் சொன்னது பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் வாங்கிய டிவி கேம் துப்பாக்கி. செங்கல்பட்டில் ரயில் ஏறினால் பல்லாவரம் நேர்வழி. சந்தையில் ஒரு சாக்கு விரிப்பின் மேல் பழைய டிவி கேம் ஒன்று, இரண்டு ஜாய்ஸ்டிக், நாலு கேசட், ஒரு துப்பாக்கி, எல்லாம் சேர்த்து நானூறு ரூபாய்க்குப் பேசி முடித்திருக்கிறான். வீட்டில் 43 இன்ச் எல்இடி டிவி. மஞ்சள் வயரைச் செருகியதும் படம் வந்தது, பாட்டு வந்தது, நாய் வந்தது, வாத்து பறந்தது. சுட்டால் மட்டும் விழவில்லை.

பழைய ஷூட்டிங் கேம் விளையாட எந்த மிஷின் வாங்கலாம் என்று இந்தத் தொடர் தொடங்கியதிலிருந்து சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் பதில் இதுதான்: மிஷினை அப்புறம் பார்க்கலாம், முதலில் டிவியைத் தேடுங்கள். அதுவும் பின்பக்கம் புடைத்த, பிக்சர் டியூப் வைத்த பழைய டிவி.

காரணம், அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. பலூன் துப்பாக்கி ரவையை அனுப்புகிறது. டிவி துப்பாக்கியோ வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிறது. குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் சின்ன லென்ஸ் ஒன்று தெரியும். அதற்குப் பின்னால் வெளிச்சத்தை உணரும் ஒரு சில்லு. விசையை இழுத்ததும் மிஷின் திரையை ஒரு கணம் முழுக்கக் கருப்பாக்கும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் ஒன்றைக் காட்டும். கருப்பில் வெளிச்சம் தெரியாமல், வெள்ளையில் தெரிந்தால் வாத்து விழுந்தது. கருப்பிலேயே வெளிச்சம் தெரிந்தால் யாரோ பல்பைப் பார்த்துச் சுடுகிறார்கள் என்று மிஷின் புரிந்துகொள்ளும். இரண்டு வாத்து பறந்தால் முதல் வாத்துக்கு ஒரு சதுரம், அடுத்த கணம் இரண்டாவது வாத்துக்கு ஒரு சதுரம். எந்தக் கணத்தில் வெளிச்சம் வந்தது என்பதை வைத்து எந்த வாத்து என்று தெரிந்துகொள்கிறது. கணம் என்று நான் எழுதுவது நம் ஊர் டிவியில் ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. 1984-இல் நின்டென்டோ 'டக் ஹன்ட்' கேமை வெளியிட்டபோது இவ்வளவு மலிவான பொருள்களை வைத்து இப்படி ஒரு யோசனை செய்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புதான்.

பிக்சர் டியூபில் மிஷின் அனுப்பியது அந்தக் கணமே திரையில் விழும். நடுவில் எதுவும் காத்திருக்காது. எல்இடி டிவி அப்படி இல்லை. வந்த படத்தை வாங்கி, தனக்குள் வைத்துக்கொண்டு, பெரிதாக்கி, மெருகேற்றி அதன் பிறகே காட்டுகிறது. வெள்ளைச் சதுரம் திரைக்கு வருவதற்குள் மிஷின் துப்பாக்கியைக் கேட்டு, "தெரியவில்லை" என்று பதில் வாங்கி, அடுத்த வேலைக்குப் போயிருக்கும். இன்னொரு தடையும் உண்டு. டியூபில் மின்கற்றை வரி வரியாக, வினாடிக்கு 15,625 வரி என்ற வேகத்தில் படம் போடுகிறது. நின்டென்டோவின் அசல் துப்பாக்கி அந்த வேகத்தில் துடிக்கும் வெளிச்சத்துக்கு மட்டும் காது கொடுக்கும்படி செய்யப்பட்டது. எல்இடி திரையில் அந்தத் துடிப்பே கிடையாது. ஆக, பையன் குறியும் சரி, துப்பாக்கியும் சரி.

"அப்ப பழைய டிவிக்கு எங்க போறது?"

எங்கேயும் போக வேண்டாம், பாட்டி வீட்டுப் பரணைப் பார் என்றேன்.

தமிழ்நாட்டுக்கு மட்டுமே கிடைத்த ஒரு வசதி இது. 2006-இல் ஆட்சிக்கு வந்த திமுக அரசு, வாக்குறுதி கொடுத்தபடி வீட்டுக்கு வீடு 14 இன்ச் கலர் டிவி கொடுத்தது. எல்காட் வழியாகக் கொள்முதல் செய்து 2011 வரை வழங்கியவை ஒன்றரைக் கோடிக்கும் மேல். அத்தனையும் டியூப் டிவி. உலகத்தில் பல ஊர்களில் பழைய கேம் விளையாடுபவர்கள் சின்ன டியூப் டிவிக்காக அலைந்து திரிகிறார்கள். நம் மாவட்டத்தில் தெருவுக்குப் பத்து வீட்டுப் பரணில் அது பழைய புடவை சுற்றிக் கிடக்கிறது. இலவச டிவி என்று இளக்காரமாகப் பேசியவர்கள் நிறைய. அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்து செய்தியும் சினிமாவும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அதைவிட நிறைய. அதைக் காயலான் கடையில் எடைக்குப் போட மனம் வராமல் எடுத்து வைத்த அம்மாக்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

செங்கல்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கம் எங்கள் அம்மா வீடு. ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு இறக்கினோம். இறக்குபவர்கள் கவனத்துக்கு: கண்ணாடிப் பக்கம்தான் கனம், அந்தப் பக்கத்தை மார்போடு அணைத்துப் பிடியுங்கள். பின்மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தாலும் டியூபுக்குள் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கலாம், அது மெக்கானிக் வேலை. வெளித் தூசியைத் துடைத்து, ஒரு நாள் காற்றாட வைத்துவிட்டு ஆன் செய்யுங்கள். மூலையில் பச்சையாகவோ ஊதாவாகவோ திட்டு தெரிந்தால் பக்கத்தில் ஸ்பீக்கர் இருக்கிறதா பாருங்கள். காந்தம் செய்யும் வேலை அது. ஏவி துளை இல்லாத பெட்டியாக இருந்தால் ஆன்டெனா வயரை மிஷினில் செருகி சேனல் தேடவிட்டால் போதும்.

எங்கள் பெட்டியில் முதலில் சத்தம் வந்தது, பத்து விநாடி கழித்து படம் மெதுவாக வெளுத்து வந்தது. பையன் ஆறடி தள்ளி உட்கார்ந்து சுட்டான். முதல் வாத்து விழுந்தது. அவன் கத்தியதில் அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்துவிட்டார்.

இனி மிஷினுக்கு வருகிறேன். ஷூட்டிங் கேம் என்று எல்லாரும் ஒரே பேர் சொன்னாலும் அது இரண்டு சாதி. துப்பாக்கி பிடித்துச் சுடுவது ஒன்று. விமானமோ ராக்கெட்டோ ஓட்டிக்கொண்டு குண்டு மழைக்குள் புகுந்து போவது இன்னொன்று. 1978-இல் டைட்டோ நிறுவனத்தின் தோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' தொடங்கி 'காலகா', '1942' என்று வரும் வம்சம் இந்த இரண்டாவது.

முதல் சாதிக்கு நம் ஊர் டிவி கேமே போதும். 1983 ஜூலையில் ஜப்பானில் வந்த நின்டென்டோ ஃபேமிகாமின் நகல்தான் அது. இந்தியாவில் மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயரில் நம் வீடுகளுக்கு வந்தது. சந்தையில் வாங்கும்போது கனமானதாகப் பாருங்கள். பழைய நகல்களில் சில்லுகள் தனித்தனியாக, ஒழுங்காக இருக்கும். பிற்பாடு வந்தவற்றில் எல்லாவற்றையும் ஒரே கருப்புப் பொட்டுக்குள் அடைத்தார்கள், சில கேமில் சத்தமே பிசிறும். துப்பாக்கியின் பிளக்கில் முள் ஒன்பதா பதினைந்தா என்று எண்ணி, மிஷினின் துளையோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே செருகிப் பாருங்கள். அடாப்டரில் நடுமுனை பிளஸா மைனஸா என்ற படத்தை மிஷினில் இருக்கும் படத்தோடு ஒப்பிடாமல் கரண்ட் கொடுக்காதீர்கள். நான் ஒரு கடையில் "எல்லாத்துக்கும் இதான்" என்று கொடுத்ததை நம்பிச் செருகி, பத்து நொடியில் ஒரு நல்ல மிஷினைப் புகைய விட்டிருக்கிறேன்.

ஜப்பான் அசலே வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது, நம் 230-இல் நேராகச் செருகினால் போச்சு. 1983 மாடலின் ஆன்டெனா சிக்னல் ஜப்பான் சேனலில் வருவதால் நம் டிவி அதைப் பிடிக்காது. நம் ஊருக்கு நம் ஊர் நகல்தான் பொருத்தம்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க, ஜப்பான் டிவியில் படம் வினாடிக்கு அறுபது முறை புதுப்பிக்கப்படும், நம்முடையது ஐம்பது. அறுபதுக்கு எழுதிய கேம் நம் மிஷினில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். நாம் சின்ன வயதில் தலைகீழாய் மனப்பாடம் செய்த 'கான்ட்ரா'வின் வேகமே அந்த மெதுவான வேகம். மேல் மேல், கீழ் கீழ், இடது வலது, இடது வலது, பி, ஏ என்று அழுத்தினால் முப்பது லைஃப் வருமே, அந்த வித்தை கானாமியின் கஸுஹிஸா ஹாஷிமோட்டோ 'கிரேடியஸ்' கேமைச் சோதிப்பதற்காக வைத்தது. 2020-இல் அவர் மறைந்தார். செங்கல்பட்டில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து விளையாடிய எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் அவர் பேர் தெரியாது, கை மட்டும் அவர் சொன்ன வரிசையில் தானாகப் போகும்.

விமான சாதிக்கு ஃபேமிகாம் வகை மூச்சுத் திணறும். ஒரே கிடைக்கோட்டில் எட்டு உருவத்துக்கு மேல் அதனால் காட்ட முடியாது. ஒன்பதாவது வந்தால் எதையாவது ஒன்றை விட்டுவிட்டு, மாற்றி மாற்றிக் காட்டும். '1942'-இல் விமானங்கள் மினுக்கி மினுக்கித் தெரிவது அதனால்தான். தெரியாத குண்டில் சாவது எனக்குப் பிடிக்காது.

இதற்கு என் மனசில் முதல் இடம் செகா மெகா டிரைவுக்கு. 1988-இல் வந்தது. அதற்குள் இருக்கும் மோட்டரோலா 68000 பிராசசர்தான் அந்தக் காலத்துப் பல ஆர்கேட் பெட்டிகளுக்குள்ளும் இருந்தது. அதனால் ஆர்கேட் கேம்கள் சாரம் குறையாமல் வீட்டுக்கு வந்தன. 'தண்டர் ஃபோர்ஸ் 4', 'முஷா' இரண்டும் விளையாடிப் பாருங்கள், கிடார் சத்தம் நெஞ்சில் இடிக்கும். அதற்குப் பின் வந்த சூப்பர் ஃபேமிகாமில் நிறம் அழகு, பிராசசர் மெதுவு. குண்டு கூடினால் 'கிரேடியஸ் 3' நடை தளர்ந்துவிடும். சில பேருக்கு அந்தத் தளர்ச்சியே பிடிக்கும், தப்பிக்க நேரம் கிடைக்கிறதே.

ஆனால் மெகா டிரைவ் பல்லாவரத்தில் சாக்கு மேல் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 1995-இல் ஷா வாலஸ் நிறுவனம் அதை இந்தியாவில் விற்றபோது விலை 18,000 ரூபாய். இறக்குமதி வரியும் அப்போது 80 சதவீதம். அந்தக் காலத்தில் அந்த விலைக்கு டிவி கேம் வாங்கிய வீடு எத்தனை இருந்திருக்கும்? அன்று வாங்காதது இன்று பழசாகவும் வராது. 

ஆகவே கையில் எட்டுவது பிளேஸ்டேஷன் 2. இந்தியாவில் நிறைய விற்றது, பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் இன்னும் இருக்கிறார்கள். முதல் பிளேஸ்டேஷன் டிஸ்க்குகளும் அதில் ஓடும். 'ரெய்டன் ப்ராஜெக்ட்', 'கிரேடியஸ் கெய்டன்' இரண்டும் முதல் பிளேஸ்டேஷனுடையவை. 'டைம் கிரைசிஸ்' வேண்டுமென்றால் நாம்கோவின் கன்கான் துப்பாக்கி வேண்டும், அது மஞ்சள் வயரோடு சேர்த்துச் செருகுவது. அதற்கும் டியூப் டிவிதான். திரும்பவும் பரணுக்கே வந்துவிட்டோம் பாருங்கள். வாங்கும்போது டிஸ்க் போட்டு அரை மணி ஓடவிட்டுப் பாருங்கள், லென்ஸ் தளர்ந்திருந்தால் பாதியில் நிற்கும். எச்டிஎம்ஐ குச்சியில் ஆயிரக்கணக்கான கேம் என்று விற்கிறார்களே, அது விமானம் ஓட்ட மட்டும் ஆகும்.

கடைசியாக, கடலோரத்தில் இருப்பவர்களுக்கு. பல்லாவரத்தில் வாங்கி வந்த மூன்றாம் மாதமே பையனின் கேசட் முனைகளில் பச்சைக் களிம்பு பூத்துவிட்டது. கேசட் வரவில்லை என்றால் எல்லாரும் செய்வதுபோல் வாயால் ஊதியிருக்கிறான். உப்புக்காற்றோடு மூச்சின் ஈரமும் சேர்ந்தால் செம்பு என்ன ஆகும்? மாமல்லபுரத்தில் ராஜசிம்மன் கட்டிய கடற்கரைக் கோயிலின் கருங்கல்லே இந்தக் காற்றுக்குத் தேய்கிறது. தொல்லியல் துறை காகிதக் கூழைப் பூசி கல்லுக்குள் இறங்கிய உப்பை உறிஞ்சி எடுக்கிறது, காற்றைத் தடுக்கச் சவுக்கு மரம் வளர்த்திருக்கிறது. கேசட்டுக்கு அவ்வளவு பாடு வேண்டாம். பென்சில் ரப்பரால் முனைகளை மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, உலர்ந்த பின் செருக வேண்டும். விளையாடி முடித்ததும் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, இறுக மூடும் டப்பாவில் வைக்க வேண்டும்.

அம்மா தன் முறுக்கு டப்பாவைக் காலி செய்து கொடுத்தார். கேசட்டும் துப்பாக்கியும் இப்போது அதற்குள்தான் இருக்கின்றன. டிவியும் மிஷினும் செங்கல்பட்டிலேயே இருக்கட்டும், கடற்கரைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். சனிக்கிழமை காலை திருக்கழுக்குன்றம் வழி வரும் பேருந்தில் ஏறி பத்து மணிக்கெல்லாம் வந்துவிடுகிறான். போன வாரம் ஏழாவது ரவுண்டு வரைக்கும் போயிருக்கிறான்.

(பரணில் இன்னும் இருக்கிறது)