பாய்மரப் படகில் அத்தை வீட்டுக்கு... `சனிக்கிழமை டின்னருக்கு வந்துடுவோம்'னு மட்டும் சொல்லாதீங்க!

கோடை லீவுல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போகணும்னா நமக்கு பஸ், ரயில், கார். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலத்தில் பாய்மரப் படகிலும் கிளம்பிடுவாங்க. ஒரு தீவில் அத்தை வீடு, அடுத்த வளைகுடாவில் காலேஜ் ஃப்ரெண்டு எனக் கரையோரமாகவே போய், அங்கங்கே நங்கூரம் போட்டுத் தங்குவார்கள். உங்களுக்கும் அப்படி ஒரு அழைப்பு வந்தா தாராளமா போங்க. ஆனா, இந்த நாள், இந்த நேரம்னு யாருக்கும் வாக்கு கொடுத்துடாதீங்க.

முதல்ல வேகம். 30 அடி பாய்மரப் படகு நல்ல காற்றிலேயே 5, 6 நாட்தான் போகும். மணிக்கு 10 கி.மீ சொச்சம், சைக்கிள்ல முந்திடலாம். போர்ட்லேண்டிலிருந்து ராக்லேண்டுக்கு காரில் சுமார் இரண்டு மணி நேரம். படகில், பகலில் மட்டும் ஓட்டினால், இரண்டு நாள்.

அடுத்து காற்று. கோடையில் அங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. கிழக்கே போகும்போது பின்னாலிருந்து தள்ளும், சொகுசுதான். அந்தக் கரைக்கு `டவுன் ஈஸ்ட்' எனப் பேர் வந்ததே இப்படிக் காற்றோடு கிழக்கே போனதால்தான். திரும்பும்போது அதே காற்று முகத்துல அடிக்கும். பாய்மரப் படகால் காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது. இடமும் வலமுமா வளைஞ்சு வளைஞ்சுதான் போகணும், தூரம் எகிறிடும்.

இந்தக் காற்றுதான் மூடுபனியையும் கொண்டுவருது. வெதுவெதுப்பான ஈரக்காற்று, குளிர்ந்த கடல்மேல் பட்டதும் பனியாகிவிடும். சில நேரம் படகோட முனைகூடத் தெரியாது. அப்போது பாயில் போகும் படகு, 2 நிமிடத்துக்கு ஒருமுறையாவது ஒரு நீள ஹாரன், இரண்டு குட்டி ஹாரன் அடிக்கணும் என்பது சர்வதேச விதி. சுத்தியும் பாறைகள், லாப்ஸ்டர் கூண்டுகளின் மிதவைகள். `அத்தை சமைச்சு வெச்சிருப்பாங்களே' என இதுக்குள்ள கிளம்புறதுதான் ஆபத்து. கோடையிலும் கடல்நீர் 15 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். விழுந்தா முதல் நிமிஷம் மூச்சுத் திணறும், பத்து நிமிஷத்துல கை, கால் சொன்ன பேச்சைக் கேட்காது. நீச்சல் தெரியும்ங்கிற தைரியம் அங்கே செல்லாது. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே கழற்றாதீங்க.

கடல் ஏற்ற, இறக்கமும் சாதாரணமில்லை. போர்ட்லேண்டில் சுமார் 3 மீட்டர், கிழக்குக் கோடி ஈஸ்ட்போர்ட்டில் சுமார் 6 மீட்டர். காலையில் ஃப்ரெண்டு வீட்டு வாசல்ல மிதந்த படகு, ஆறு மணி நேரம் கழிச்சு சேத்துல உட்கார்ந்திருக்கும்.

அப்போ வீட்ல என்னதான் சொல்றது? `வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவுல வருவோம்'னு சொல்லுங்க. கூடவே படகின் பேர், நிறம், எத்தனை பேர், எந்த வழி, எங்கெங்கே தங்குவீங்க எல்லாம் எழுதிக் கொடுங்க. இதுக்குப் பேர் ஃப்ளோட் பிளான். `இந்த நேரம் வரைக்கும் எங்ககிட்டருந்து தகவலே இல்லைன்னா கோஸ்ட் கார்டைக் கூப்பிடுங்க' என்பதுதான் அதில் முக்கியமான வரி. அத்தை இப்போ விருந்து வைக்கிறவர் மட்டுமில்லை, உங்க காவல்காரரும்கூட.

பனிக்காக ஒரு நாள் கூடுதலா எங்கேயாவது தங்கினா, அதையும் சிக்னல் கிடைச்சதும் சொல்லிடுங்க. இல்லைன்னா நீங்க படகுல நிம்மதியா தூங்கிட்டிருப்பீங்க... வெளியே ஹெலிகாப்டர் உங்களைத் தேடிட்டிருக்கும்.